இருப்புப் பாதை ஈன்ற ஊர்
செந்தூலின் தோற்றமும் அதன் ஆலயங்களும்

கோயில் இல்லாத ஊரில் குடியேறுதல் ஆகாது என்பது தமிழர் மரபு. ஆனால் மலாயாவுக்குக் கப்பலேறி வந்த தமிழ்த் தொழிலாளிக்கு, எந்த ஊரில் குடியேறுவது என்று தேர்ந்துகொள்ளும் உரிமை இருந்ததில்லை. தண்டவாளம் சென்ற இடமெல்லாம் அவனும் சென்றான். காடு வெட்டிய இடத்தில் குடிசை போட்டான். குடிசையின் அருகே மரத்தடியில் ஒரு கல்லையோ, சூலத்தையோ, வேலையோ நட்டு விளக்கேற்றினான். ஆக, கோயில் இருந்த ஊரைத் தேடி அவன் செல்லவில்லை. அவன் சென்ற இடத்தில் கோயில் எழுந்தது, அதன் பின்னரே அவ்விடம் ஊர் என்னும் பெயருக்கு உரியதாயிற்று. கோலாலம்பூரின் வடபுறத்தில் அமைந்துள்ள செந்தூல் இதற்குத் தக்க சான்றாகும்.

தைப்பூசத் திருநாளில் பத்துமலை நோக்கி இரயிலில் செல்லும் பக்தர்கள் அனைவரும் செந்தூலைக் கடந்தே செல்கின்றனர். அந்தக் கிளைப் பாதையின் இருமருங்கிலும் ஒரு காலத்தில் பெரும் பணிமனைகளும், தொழிலாளர் குடியிருப்புகளும், அவற்றின் நடுவே வழிபாட்டுத் தலங்களும் நிறைந்திருந்தன. இன்று பணிமனைகள் இல்லை. குடியிருப்புகளும் பெரும்பாலும் இல்லை. ஆனால் ஊர் இருக்கிறது. அது எவ்வாறு தோன்றியது, எதனால் நிலைத்தது என்பதை இளந்தலைமுறையினர் அறிந்திருத்தல் அவசியம்.

ஈயம் அழைத்த இரயில்

மலாயாவில் இருப்புப் பாதை அமைந்ததற்கு முதற்காரணம் ஈயம். சுரங்கங்களில் தோண்டிய ஈயத்தை மாட்டு வண்டியிலும், யானை மீதும், ஆற்றுப் படகிலும் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டு செல்வது காலத்தையும் பணத்தையும் விழுங்கியது. மழைக்காலத்தில் மண்பாதைகள் சேறாயின. வறட்சியில் ஆறுகள் படகோட்ட முடியாதபடி வற்றின. இதற்குத் தீர்வாகவே பேராக்கில் தைப்பிங் நகருக்கும் போர்ட் வெல்ட் துறைக்கும் இடையே 8 மைல் நீளத்தில் முதல் இருப்புப் பாதை அமைக்கப்பட்டு, 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் திறந்து வைக்கப்பட்டது. அப்பாதையை அமைக்கும் பணிக்கு இலங்கையிலிருந்து முன்னோடிப் படையின் இரு பிரிவுகள் வரவழைக்கப்பட்டன என்பது வரலாறு.

அடுத்த ஆண்டு, 1886 செப்டம்பரில், சிலாங்கூரில் கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரையில் இருந்த புக்கிட் கூடாவுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. சிலாங்கூரின் ஆட்சிப் பிரதிநிதியாக இருந்த பிராங்க் சுவெட்டன்ஹாம் இத்திட்டத்தில் பெரும் அக்கறை காட்டினார். 1890ஆம் ஆண்டில் ஆற்றின் மீது பாலம் அமைந்து, பாதை கிள்ளான் நகர் வரை நீண்டது. தொடர்ந்து வடக்கே ரவாங், கோல குபு என்றும், தெற்கே சிரம்பான் நோக்கியும் தண்டவாளங்கள் படர்ந்தன.

அக்காலத்திலேயே கோலாலம்பூரில் தமிழர் சமய வாழ்வு வேரூன்றியிருந்தது. 1873இல் தம்புசாமிப் பிள்ளை அவர்களால் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் நிறுவப்பட்டது. 1891இல் பத்துமலைக் குகையில் முருகப்பெருமான் வழிபாடு தொடங்கியது. அடுத்த ஆண்டு முதல் அங்கே தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. நகருக்கும் குகைக்கும் இடையே, காடும் ஈயச் சுரங்கமுமாகக் கிடந்த நிலப்பகுதியில்தான் பின்னாளில் செந்தூல் எழுந்தது. செந்தூல் என்பது இந்நாட்டில் வளரும் ஒரு பழமரத்தின் மலாய்ப் பெயர். மரம் தந்த பெயர் ஊருக்கு நிலைத்தது; ஆனால் ஊரைத் தந்தது இருப்புப் பாதையே.

இரண்டு இரயில்வேக்கள் ஒன்றாயின

தொடக்கத்தில் பேராக்குக்கு ஓர் இரயில்வே, சிலாங்கூருக்கு மற்றோர் இரயில்வே என இரண்டும் தனித்தனியே இயங்கின. 1901ஆம் ஆண்டில் இவை இணைக்கப்பட்டு, கூட்டு மலாய் மாநிலங்களின் இரயில்வே என்னும் ஒரே அமைப்பு உருவாயிற்று. அதன் முதல் பொது மேலாளராகப் பொறுப்பேற்றவர் சார்ல்ஸ் எட்வின் ஸ்பூனர் என்னும் பொறியாளர். 1903இல் வடக்கே பிறை முதல் தெற்கே சிரம்பான் வரை தொடர்ச்சியான இருப்புப் பாதை முற்றுப் பெற்றது. 1909இல் ஜொகூர் மாநிலத்தின் ஊடான பாதையும் நிறைவேறி, தீபகற்பத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இரயிலிலேயே செல்லும் வாய்ப்பு ஏற்பட்டது.

பாதை நீண்டபோது இயந்திரங்கள் பெருகின. இயந்திரங்கள் பெருகியபோது அவற்றைப் பழுதுபார்க்கும் தேவையும் பெருகியது. சிறு சிறு பணிமனைகள் இனிப் போதா என்ற நிலையில், நாடு முழுவதற்குமான மையப் பணிமனை ஒன்றை அமைக்க வேண்டியதாயிற்று. அதற்குத் தலைநகருக்கு அண்மையில், முதன்மைப் பாதையோடு எளிதில் இணைக்கத்தக்க பரந்த நிலம் வேண்டும். இவ்வாறே 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் செந்தூலில் மையப் பணிமனை எழுந்தது. சுரங்கத்தைச் சுற்றியோ, சந்தையைச் சுற்றியோ வளர்ந்த ஊர்கள் மலாயாவில் பல. ஒரு பணிமனையைச் சுற்றி வளர்ந்த ஊர் என்னும் தனிச்சிறப்பு செந்தூலுக்கு உரியது.

நீராவி இயந்திரமும் ஆயிரம் கைகளும்

ஒரு பணிமனை எவ்வாறு ஓர் ஊரையே உருவாக்க முடியும் என்ற வினா இக்கால இளைஞர்க்கு எழலாம். அதற்கு விடை நீராவி இயந்திரத்தின் இயல்பிலேயே இருக்கிறது. விறகையோ நிலக்கரியையோ எரித்து, தண்ணீரைக் கொதிக்க வைத்து, அந்த ஆவியின் அழுத்தத்தால் ஓடும் இயந்திரம் அது. ஓட ஓட அதன் கொதிகலனுக்குள் உப்பும் கசடும் படியும். அதைக் காலந்தோறும் கழுவ வேண்டும். நெருப்பின் வெம்மையில் குழாய்கள் அரித்துப் போகும்; அவற்றைக் கழற்றிப் புதியன பொருத்த வேண்டும். சக்கரங்கள் தேய்ந்து வடிவம் கெடும். அவற்றைக் கடைசல் பிடிக்க வேண்டும். அன்றைய பெட்டிகளோ பெரும்பாலும் மரத்தால் ஆனவை. வெப்பமும் மழையும் மாறி மாறி வரும் இந்நாட்டில் மரவேலையும் வண்ணப்பூச்சும் ஓய்ந்த நாளில்லை.

ஆகவே வார்ப்பட ஆலை, கொல்லுலை, கொதிகலன் பகுதி, கடைசல் பகுதி, தச்சுப் பகுதி, வண்ணப் பகுதி எனப் பணிமனை விரிந்து கிடந்தது. பிட்டர், டர்னர், மோல்டர், கொதிகலன் தொழிலாளி, தச்சர், பெயிண்டர் என ஒவ்வொரு பணிக்கும் தேர்ந்த கைகள் வேண்டியிருந்தன. அவர்களுக்கு உதவியாகச் சுமை தூக்கவும், கரி அள்ளவும், சாம்பல் வாரவும் இன்னும் பல கைகள் வேண்டியிருந்தன. உச்ச நிலையில் ஏறத்தாழ 5,000 பேர் வரை இப்பணிமனையில் உழைத்தனர் எனக் கூறப்படுகிறது. ஐயாயிரம் தொழிலாளர் என்றால் ஐயாயிரம் குடும்பங்களின் அடுப்பு அங்கே எரிந்தது என்று பொருள். மளிகைக் கடையும், பால்காரரும், தையல்காரரும், பொற்கொல்லரும், பள்ளி ஆசிரியரும் அந்த அடுப்பை நம்பியே வந்து சேர்ந்தனர். பணிமனையின் சங்கு ஊதும் நேரமே ஊரின் நேரமாயிற்று.

வந்து சேர்ந்தோர்

செந்தூலுக்கு வந்தவர்கள் ஓரினத்தவர் அல்லர். தென்னிந்தியத் தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் பாதைப் பணியிலும் பணிமனையிலும் உழைத்தனர். ஆங்கிலக் கல்வி பெற்ற யாழ்ப்பாணத் தமிழர் எழுத்தராகவும், நிலைய அதிகாரியாகவும் பணியாற்றினர். சிங்களவர், பஞ்சாபியர், சீனர், மலாய்க்காரர் ஆகியோரும் உடன் உழைத்தனர்.

தென்னிந்தியத் தொழிலாளரில் பலர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறினர். 1907இல் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி, தொழிலாளரை வேலைக்கு அமர்த்துவோரிடம் வரி வசூலித்து, வருவோரின் பயணச் செலவை ஏற்றது. பினாங்கை அடைந்தவர்கள் ஜெரெஜாக் தீவில் தொற்றுநோய்க் காப்புக்காகத் தங்க வைக்கப்பட்டு, அதன் பின்னரே உள்நாட்டுக்கு அனுப்பப்பட்டனர். 1926 முதல் ஓடிய ராஜூலா கப்பலின் பெயர் இன்றும் முதியோர் வாயில் வாழ்கிறது.

வந்தவர்களை வரவேற்றது வளமான வாழ்வன்று. பாதை போடும் கூட்டத்தினர் சதுப்பிலும் காட்டிலும் தங்கினர். 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்ட சில மாதங்களுக்குள்ளேயே மலேரியாவால் அதை மூடிவிட எண்ணும் நிலை வந்தது என்றால், அக்காலத் தொழிலாளரின் துன்பத்தை உணரலாம். டாக்டர் மல்கம் வாட்சன் அவர்களின் முயற்சியால் சதுப்புகள் வடிக்கப்பட்ட பின்னரே அங்கே நோய் தணிந்தது. அத்தகைய நாட்களில் தண்டவாளம் சுமந்து, கட்டை அடுக்கி, சல்லி கொட்டியவர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் பொறிக்கப்படவில்லை.

பணிமனை வந்த பின் தொழிலாளருக்குக் குவார்ட்டர்ஸ் எனப்படும் வீட்டு வரிசைகள் கட்டப்பட்டன. ஆனால் அவ்வீடு வேலையோடு ஒட்டியது. வேலை உள்ளவரை வீடு. ஓய்வு பெற்றால், வேலை போனால், குடும்பத் தலைவர் இறந்தால், சாவியைத் திருப்பித் தர வேண்டும். வாழ்நாள் முழுதும் உழைத்தும் காலடி மண் தனக்குச் சொந்தமில்லை என்னும் நிலையே இரயில்வே தொழிலாளியின் நிலை. இதை மனத்திற் கொண்டு நோக்கினால்தான், அவர்கள் ஏன் தம் சொற்பச் சம்பளத்திலிருந்து வெள்ளி வெள்ளியாகச் சேர்த்துக் கோயில் கட்டினர் என்பது விளங்கும். வீடு அவர்களுடையதன்று, கோயில் அவர்களுடையது.

ஊரை ஊராக்கிய வழிபாட்டுத் தலங்கள்

இரயில் பாதையோரம் அரச மரத்தடியிலும் ஆல மரத்தடியிலும் முனீஸ்வரரும், மாரியம்மனும், மதுரை வீரனும் எழுந்தருளினர். இரவில் தனியே பாதையைக் காவல் காக்கும் தொழிலாளிக்கு அத்தெய்வங்களே துணை. ஆண்டுக்கொரு முறை கருவிகளைக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்கும் ஆயுத பூசை, இரும்போடும் நெருப்போடும் உழைத்தோருக்கு வெறும் சடங்கன்று. கை கால் ஊனமின்றி இன்னோர் ஆண்டு வீடு திரும்ப வேண்டும் என்னும் வேண்டுதல்.

நகரத்தார் பெருமக்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செந்தூல் பகுதியில் ஸ்ரீ தண்டாயுதபாணி ஆலயத்தை எழுப்பினர். யாழ்ப்பாணத் தமிழர், இரயில்வே ஊழியர் மிகுந்து வாழ்ந்த பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில், ஸ்கோட் சாலையில் ஸ்ரீ கந்தசுவாமி ஆலயத்தை நிறுவினர். கத்தோலிக்கத் தமிழருக்குச் செந்தூலில் புனித சூசையப்பர் தேவாலயமும், சிங்களவருக்கு ஸ்ரீ ஜயந்தி பௌத்த ஆலயமும் அமைந்தன. ஒரே பணிமனையில் தோளோடு தோள் நின்று உழைத்தவர்கள், மாலையில் தத்தம் முறைப்படி இறைவனைத் தொழுதனர். ஒருவர் திருவிழாவில் மற்றவர் பந்தல் போட உதவும் பண்பு இத்தகைய ஊர்களில்தான் விளைந்தது.

செந்தூலுக்கும் பத்துமலைக்கும் உள்ள தொடர்பும் இருப்புப் பாதையால் வலுப்பெற்றது. பத்துமலைச் சுண்ணாம்புக் குன்றுகளின் கல்லைச் சுமந்துவரப் பயன்பட்ட அக்கிளைப் பாதையில், தைப்பூச நாட்களில் பக்தர்களுக்காகச் சிறப்பு இரயில்கள் விடப்பட்டன. கல் சுமந்த பாதை காவடியையும் சுமந்தது எனலாம்.

போர் தந்த அழிவு

1942 தொடக்கத்தில் மலாயா ஜப்பானியர் வசமாயிற்று. சயாம் மரண இரயில் பாதைக்காக இந்நாட்டிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டனர். 1943 அக்டோபரில் இணைக்கப்பட்ட அந்தப் பாதையில் மாண்டவர்களுக்கு முறையான ஈமச்சடங்கும் இல்லை. மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையிலிருந்து பெயர்க்கப்பட்ட தண்டவாளங்களும் அங்கே கொண்டு செல்லப்பட்டன. தமிழர் உழைத்துப் போட்ட தண்டவாளமே பெயர்க்கப்பட்டு, தமிழர் உயிரைக் குடித்த பாதைக்குப் பயன்பட்ட கொடுமையை என்னென்பது!

போர் முடியும் தறுவாயில், 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும், அமெரிக்க விமானங்கள் செந்தூல் பணிமனையைக் குறிவைத்துக் குண்டு வீசின. ஜப்பானியரின் போக்குவரத்தை முடக்குவதே நோக்கம். பணிமனையின் பெரும்பகுதி இடிந்தது. பணிமனையை நம்பித் தோன்றிய ஊர், அந்தப் பணிமனையின் காரணமாகவே குண்டுக்கு இலக்காயிற்று. எனினும் போருக்குப் பின் தொழிலாளர்கள் திரும்பினர், இடிபாடுகளை அகற்றினர், மீண்டும் உலை மூட்டினர்.

மாறிய காலம்

நாடு விடுதலை அடைந்த 1957ஆம் ஆண்டு முதல் டீசல் இயந்திரங்கள் வரத் தொடங்கின. அவற்றிற்குக் கரி அள்ள வேண்டியதில்லை. கொதிகலன் கழுவ வேண்டியதில்லை. ஆயிரம் கைகள் செய்த வேலைக்குச் சில நூறு கைகள் போதுமென்றாயிற்று. 1962ஆம் ஆண்டின் இறுதியில், நாட்கூலியாக இருந்தோருக்கு மாதச் சம்பளத் தகுதி கோரி இரயில்வே தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. பல்லாண்டு உழைத்தும் நாட்கூலி என்றே எண்ணப்பட்ட மனிதனின் தன்மானக் குரல் அது.

1992இல் இரயில்வே நிறுவனமயமாக்கப்பட்டது. 1995இல் செந்தூலுக்கும் போர்ட் கிள்ளானுக்கும் இடையே மின்சாரக் கொமுட்டர் இரயில் ஓடத் தொடங்கியது. 2010இல் அது பத்துமலை வரை நீட்டிக்கப்பட்டது. பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் பழைய இரயில்வே நிலத்தில் கே.எல். சென்ட்ரல் நிலையம் 2001இல் இயங்கத் தொடங்கியது. செந்தூல் பணிமனையின் வேலைகள் பேராக்கின் பத்து காஜாவுக்கு மாற்றப்பட்டன. இரயில்வே நிலங்களில் அடுக்குமாடிகள் எழுந்தன. பழைய இரயில்வே வளாகத்தில் 2005ஆம் ஆண்டில் நாடகக் கலை அரங்கம் ஒன்று திறக்கப்பட்டது. குவார்ட்டர்ஸ் வரிசைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அங்கே பிறந்து வளர்ந்தோர் பல திசைகளுக்கும் பிரிந்து சென்றனர்.

ஆனால் திருவிழா நாட்களில் அவர்கள் திரும்பி வருகின்றனர். கிள்ளானிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் பேரப்பிள்ளைகளை அழைத்துக் கொண்டு வருவோருக்குச் சுட்டிக்காட்டப் பழைய வீடு இல்லை. கோயில் கோபுரம் ஒன்றே இருக்கிறது. பணிமனை பிறப்பித்த ஊரை, பணிமனை போன பின்னரும் ஊராகத் தாங்கி நிற்பவை அந்தத் தொழிலாளர்கள் எழுப்பிய ஆலயங்களும் பள்ளிகளுமே.

காத்திட வேண்டிய கடமை

சிங்கப்பூரிலும் இதற்கு ஒப்பான சான்று உண்டு. குயின்ஸ்டவுன் வட்டாரத்தில் இருப்புப் பாதையருகே வாழ்ந்த இரயில்வே தொழிலாளர்கள் 1932இல் தொடங்கிய முனீஸ்வரர் வழிபாடு, சிறு குடிலிலிருந்து பேராலயமாக வளர்ந்தது. 1990களில் அது கொமன்வெல்த் டிரைவில் உள்ள இன்றைய இடத்துக்கு மாறியது. 2011 ஜூன் 30ஆம் நாளோடு தஞ்சோங் பகார் நிலையம் மூடப்பட்டு, அப்பாதையில் இரயில் ஓடுவதும் நின்றது. இரயில் போயிற்று, தொழிலாளர் ஏற்றிய விளக்கு இன்றும் எரிகிறது.

எனினும் எல்லா ஆலயங்களுக்கும் இத்தகைய நல்வாய்ப்பு அமைவதில்லை. இருப்புப் பாதையோரம் எழுந்த வழிபாட்டிடங்கள் பலவற்றுக்கு நிலப்பட்டா இருந்ததில்லை. அன்றைய அதிகாரிகள் வாய்மொழியாகத் தந்த அனுமதியே போதும் என்று நம்பினர் நம் முன்னோர். நிலம் கைமாறி, மேம்பாடு வரும் நாளில் வாய்மொழிக்கு மதிப்பில்லை. ஆலயம் எப்போது தொடங்கியது, யார் தொடங்கினர், எந்தக் கடிதத்தின்படி இடம் கிடைத்தது என்னும் வினாக்களுக்கு எழுத்தில் விடை இல்லாதபோது, நூறாண்டுப் பக்தியும் ஆதாரமின்றி நிற்க நேர்கிறது.

ஆகவே இரயில்வே குடும்பங்களின் வழித்தோன்றல்கள் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுப் பெட்டிகளைத் திறந்து பார்த்தல் நலம். தாத்தாவின் பணி அட்டை, பழைய திருவிழா அழைப்பிதழ், நன்கொடை இரசீது, கோயில் முன் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஆகிய ஒவ்வொன்றும் ஊரின் வரலாற்றுக்குச் சான்றாகும். அவற்றின் நகலை ஆலய நிர்வாகத்திடம் ஒப்படைப்பதும், முதியோர் கூறும் செய்திகளை எழுதி வைப்பதும், நிலத்துக்குரிய ஆவணங்களை முறைப்படுத்துவதும் கோபுரத் திருப்பணிக்குச் சற்றும் குறைந்த தொண்டல்ல. குடமுழுக்கு பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும். ஆவணம் அழிந்தால் மீண்டும் வராது.

தண்டவாளம் அமைத்த கைகள் தமக்கென நிலம் தேடிக்கொள்ளவில்லை. இறைவனுக்கே இடம் தேடின. அவ்விடத்தைப் பேணிக் காத்து அடுத்த தலைமுறையிடம் முறையாக ஒப்படைப்பதே அவர்களுக்குச் செலுத்தும் மெய்யான நன்றியாகும். எல்லாம் வல்ல முருகப்பெருமான் அதற்குத் துணை நிற்பானாக!